ஒற்றைக்கால் காக்காவைப் பிடிக்கலாமா?

சென்னையில் எந்தத் தெருவுக்கு வேண்டுமானாலும் போங்கள். மத்தியானம் பதினொன்றரை, பன்னிரண்டு மணிக்கு ஏதாவது ஒரு மொட்டை மாடிக் கைப்பிடிச் சுவரில் ஒரு பிடி சோறு இருக்கும். யாராவது ஒரு பாட்டியோ அம்மாவோ "கா... கா..." என்று கூப்பிட்டுக்கொண்டு நிற்பார்கள். காக்கா வந்து எடுத்ததா என்பதுதான் அவர்கள் கவலை. எடுத்துவிட்டால் திருப்தியாகக் கீழே இறங்கிவிடுவார்கள். வந்த காக்காவின் காலை யாரும் பார்ப்பதில்லை.

ஒரு வாரம் தொடர்ந்து பார்த்துப் பாருங்கள். விரல் இல்லாத ஒன்று, நகம் உள்பக்கமாக மடங்கிப்போன ஒன்று, ஒரு காலைத் தூக்கி வயிற்றோடு ஒட்டி வைத்துக்கொண்டு தத்தித் தத்தி வரும் ஒன்று... எப்படியும் கண்ணில் படும். முன்னோர்களுக்குச் சோறு கொண்டுபோகும் தபால்காரர் என்று காக்காவைச் சொல்கிறோம். தபால்காரருக்குக் காலில் என்ன அடி என்று கேட்பதே இல்லை. இது நல்ல நியாயமாக இல்லையே என்பதுதான் இந்தக் கட்டுரை.

எங்கள் வீட்டிலும் அப்படி ஒரு காக்கா வந்தது. வட சென்னை, இரண்டாவது மாடி, பாட்டிதான் சோறு வைப்பார். இந்தக் காக்காவுக்கு இடது காலில் கறுப்பாக நூல் சுற்றியிருந்தது. நூலுக்குக் கீழே விரல்கள் வீங்கி, மொச்சைக்கொட்டை மாதிரி உருண்டு இருந்தன. மற்றக் காக்காக்கள் தின்றுவிட்டுப் போகும்வரை தண்ணீர்த் தொட்டி மேல் உட்கார்ந்திருக்கும். அப்புறம் வந்து மிச்சத்தைக் கொத்தும்.

இதற்கு வீட்டில் மூன்று கட்சி உண்டானது. பாட்டி, "அது யாரோ நம்ம மனுஷாதான். கால் வலியோட போனவங்க யாருன்னு யோசிச்சுப் பாரு" என்று பரம்பரைப் பட்டியலைத் திறந்துவிட்டார். கீழ்வீட்டு அண்ணன், "துண்டைப் போட்டு அமுக்கி நூலை வெட்டி விட்டுடலாம்டா, அஞ்சு நிமிஷ வேலை" என்றார். அம்மா, "சீக்கு வந்த காக்காவா இருக்கும். கொஞ்ச நாளைக்குச் சோறு வைக்கிறதை நிறுத்துங்க" என்று சொல்லிவிட்டார். மூன்று பேர் சொன்னதையும் கொஞ்சம் தீர யோசித்துப் பார்த்தேன், கொஞ்சம் படித்தும் பார்த்தேன். மூவரிடமும் பாதிப் பாதி உண்மை இருக்கிறது என்பது என் கட்சி.

முதலில் அந்த நூல். பறவைக் காலில் நூல் சுற்றினால் நடப்பது ரொம்ப எளிமையான, ரொம்பக் கொடுமையான விஷயம். நடக்க நடக்கச் சுற்று இறுகும். ரத்த ஓட்டம் நிற்கும். விரல் வீங்கி, கறுத்து, காய்ந்து, ஒருநாள் சுள்ளி மாதிரி உதிர்ந்துவிடும். நாம் பார்க்கும் விரல் இல்லாத புறாக்களில் நிறையப் புறாக்களின் கதை இதுதான். ஏதோ தொழுநோய் மாதிரி வியாதி, பூனை கடித்தது, எச்சத்தில் நின்று நின்று அழுகிப்போனது என்றெல்லாம் ஆளுக்கொன்று சொல்வார்கள்.

2019ல் பாரிஸில் ஓர் ஆய்வு வந்தது. படித்தபோது சிரிப்பும் வந்தது, வயிற்றையும் கலக்கியது. அந்த ஊர்ப் புறாக்களின் விரல்களைத் தெருத் தெருவாகப் போய்ப் பார்த்துக் குறித்திருக்கிறார்கள். எந்தப் பகுதியில் முடிதிருத்தும் கடைகள் நெருக்கமாக இருக்கின்றனவோ, அங்கே விரல் போன புறாக்களும் அதிகம். மரம் செடி அதிகமுள்ள இடத்தில் குறைவு. காரணம் மனிதத் தலைமுடிதான் என்பது அவர்கள் ஊகம். வெட்டின முடி குப்பையிலிருந்து பறந்து நடைபாதையில் கிடக்கும். நாள் முழுக்கத் தரையில் நடந்து மேயும் புறா அதை மிதிக்கும். அவ்வளவுதான்.

இப்போது நம் ஊரை நினைத்துப் பாருங்கள். பால்கனியில் நின்று தலை வாரி, சீப்பில் வந்த முடியைச் சுருட்டி, ஊதி வெளியே போடாத வீடு எத்தனை? பூ கட்ட ஒரு காலத்தில் வாழைநார் இருந்தது. நனைத்துக் கிழித்துக் கட்டுவார்கள், குப்பையில் போனால் மக்கிவிடும். இப்போது பெரும்பாலும் நூல்தான், அதிலும் மக்காத நூல். காய்ந்த மாலையை அப்படியே முருங்கை மரத்தடியில் வீசுகிறோம். டெய்லர் கடைத் துணுக்கு, சாக்குத் தைத்த சணல், பார்சலில் வந்த நைலான் கயிறு. காக்காவுக்கு இதெல்லாம் கட்டுமானப் பொருள். குச்சியோடு சேர்த்துக் கம்பி, நூல், நார் என்று கிடைத்ததை எல்லாம் அலகில் தூக்கிக்கொண்டு போய்க் கூடு கட்டும் ஜாதி அது. கூட்டிலேயே சிக்கிக் கொள்கிற குஞ்சுகளும் உண்டு.

எல்லாவற்றுக்கும் மேலே மாஞ்சா. எங்கள் பக்கத்தில் இதை விளக்கவே வேண்டாம். தெரியாதவர்களுக்காக: கண்ணாடியைப் பொடி செய்து, வஜ்ஜிரப் பசையிலோ சோற்றுக் கஞ்சியிலோ கலந்து, சாயம் சேர்த்து நூலில் பூசிக் காய வைப்பார்கள். அடுத்தவன் பட்டத்தை அறுப்பதற்காக. பருத்தி நூல் இருந்த காலத்திலேயே கழுத்தை அறுத்தது. நைலான் வந்த பிறகு அறுந்து விழுந்த நூலும் சாவதில்லை. பைக்கில் போகிறவர்கள், முன்னால் உட்கார்ந்த குழந்தைகள் என்று சென்னையில் இதற்குப் பலியான உயிர்கள் பலருக்கும் நினைவிருக்கும். போலீஸ் தடை போட்டுக்கொண்டே இருக்கிறது. தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2017 ஜூலையில் நைலான் மாஞ்சாவை நாடு முழுவதும் தடை செய்தது. தடை செய்து என்ன? மொட்டை மாடியில் ஏறி நின்று ஒருமுறை சுற்றிப் பாருங்கள். கேபிள் ஒயர், வேப்ப மரம், செல்போன் டவர், எல்லாவற்றிலும் தொங்கிக்கொண்டிருக்கும். பட்டம் விட்ட பையன் பரீட்சைக்குப் படிக்கப் போயிருப்பான். அவன் நூல் மட்டும் இரண்டு வருஷமாக அங்கேயே காத்திருக்கும்.

டில்லியில் இது இன்னும் பெரிய விஷயம். ஆகஸ்ட் 15 ஒட்டி வானம் முழுக்கப் பட்டம். அங்கே மாட்டுவது பெரும்பாலும் கரும்பருந்து. நதீம் ஷெஹ்சாத், முகமது சவுத் என்று அண்ணன் தம்பி இருவர், சோப்பு டப்பா தயாரிக்கும் தொழில் நடந்த தங்கள் வீட்டு அடித்தளத்திலேயே அடிபட்ட பருந்துகளுக்கு வைத்தியம் பார்க்க ஆரம்பித்தார்கள். சின்ன வயதில் அடிபட்ட பருந்து ஒன்றைப் பறவை மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு போனபோது, மாமிசம் தின்னும் பறவையை அங்கே சேர்த்துக்கொள்ளவில்லை. அதிலிருந்து பிடித்த வேகம். இவர்களைப் பற்றி ஷௌனக் சென் எடுத்த 'ஆல் தட் ப்ரீத்ஸ்' 2022ல் வந்தது. 2023 ஆஸ்கரில் முழுநீள ஆவணப்படப் பட்டியலில் இருந்தது, பரிசு கிடைக்கவில்லை. (அதே வருஷம்தான் குறும்பட ஆவணப் பிரிவில் நம் முதுமலை பொம்மன் - பெள்ளி படம் வாங்கியது. அந்தக் கொண்டாட்டத்தில் பருந்துக்காரர்களை நம்மில் நிறையப் பேர் கவனிக்கவே இல்லை.) அந்தப் படத்தைப் பார்த்தால் ஒன்று புரியும். ஒரு பறவையின் கிழிந்த தசையைத் தைப்பது ஒரு தொழில். பல வருஷம் கை பழகின பிறகு வருவது. துண்டும் கத்தரிக்கோலும் இருந்தால் போதும் என்பது வேறு.

இங்கேதான் கீழ்வீட்டு அண்ணன் கட்சிக்கு வருகிறேன். ஐந்து நிமிஷ வேலை என்றார். மனசு நல்ல மனசு, மறுக்கவில்லை. ஆனால் பறக்கிற, தின்கிற, தப்பித்துப் போகத் தெரிந்த ஒரு காக்காவைத் துரத்திப் பிடிக்கக் கூடாது என்பதுதான் என் கருத்து.

ஏன் என்றால், காட்டுப் பறவைக்கு நம் கை என்பது பருந்தின் நகம்தான். நாம் உதவி செய்கிறோம் என்று அதற்குத் தெரியாது. பிடிபட்ட அதிர்ச்சியிலேயே, வெளியில் ஒரு காயமும் இல்லாமல், செத்துப்போகும் பறவைகள் உண்டு. இன்னொன்று, பறவைக்கு நம்மைப் போல உதரவிதானம் கிடையாது. நெஞ்சுக்கூடு விரிந்து சுருங்கினால்தான் மூச்சு. பறந்துவிடுமோ என்று பயந்து நாம் இறுக்கிப் பிடித்தால், மூக்கு வாய் எல்லாம் திறந்திருந்தும் மூச்சு முட்டிவிடும். வீங்கிய காலில் சதைக்குள் புதைந்துவிட்ட நூலை வெட்டுவது அடுத்த பிரச்சினை. எது நூல், எது நரம்பு என்று தெரியாமல் கத்தரியை விட்டால் மிச்சமிருக்கும் விரலும் போகும்.

அப்புறம் காக்கா ஒன்றும் கோழி இல்லை. அதற்கு முகம் ஞாபகம் இருக்கும். அமெரிக்காவில் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் ஜான் மார்ஸ்லஃப் என்பவர் 2006ல் ஒரு சோதனை செய்தார். குகை மனிதன் முகமூடி போட்டுக்கொண்டு ஏழு காக்காக்களைப் பிடித்து, வளையம் மாட்டி விட்டுவிட்டார்கள். அப்புறம் அந்த முகமூடியோடு யார் போனாலும் காக்காக்கள் கூட்டம் கூடித் திட்டின. வேறு முகமூடிக்கு அந்த வரவேற்பு இல்லை. வருஷக் கணக்கில் இது தொடர்ந்தது, பிடிபடாத காக்காக்களும் அப்போது பிறக்காத காக்காக்களும்கூடச் சேர்ந்துகொண்டன. அது வேறு இனக் காக்காதான். ஆனால் கூட்டில் கை வைத்தவனை நம் ஊர்க் காக்கா எப்படி விரட்டும் என்று தெரிந்தவர்களுக்கு ஆச்சரியமாக இருக்காது. அண்ணன் துண்டை வீசிக் குறி தப்பினால் என்ன ஆகும்? ஏற்கனவே கடைசியாக வந்து மிச்சம் தின்னும் அந்தக் காக்கா, பாதுகாப்பாகத் தின்னக்கூடிய ஓர் இடத்தையும் இழந்துவிடும். காலும் போச்சு, சோறும் போச்சு.

ஒரு கால் இல்லாமல் காக்காவால் வாழ முடியுமா என்று கேட்டால், நிறையக் காக்காக்கள் வாழ்கின்றன. எங்கள் வீட்டுக் காக்காவுக்கு ஒன்றரை மாதத்தில் இரண்டு விரல் நூலோடு சேர்ந்தே விழுந்துவிட்டன. வீக்கம் வற்றிவிட்டது. இப்போது குச்சி மாதிரி அந்தக் காலை ஊன்றி, மற்றக் காக்காவோடு சண்டை போட்டு முதலிலேயே தின்கிறது. இயற்கை எல்லாவற்றையும் பார்த்துக்கொள்ளும் என்று இதை வைத்துச் சொல்ல வரவில்லை. அது பிழைத்துவிட்டது, அவ்வளவுதான். பிழைக்காதவை நம் சுவருக்கு வந்து கணக்குக் காட்டுவதில்லை.

அதனால்தான் எப்போது பிடித்தே ஆக வேண்டும் என்பதையும் சொல்ல வேண்டும். நூலின் மறுமுனை நீளமாகத் தொங்கிக்கொண்டிருந்தால் சும்மா விடக் கூடாது. அடுத்த மரத்தில் மாட்டித் தலைகீழாகத் தொங்கும். ஒரு இறக்கை மட்டும் கீழே தொங்கினால், ரத்தம் ஒழுகினால், நாம் பக்கத்தில் போயும் கண்ணை மூடி இறகைச் சிலிர்த்துக்கொண்டு பந்து மாதிரி உட்கார்ந்திருந்தால், அது பெரிய ஆபத்தில் இருக்கிறது. பறவைகள் நோயைக் கடைசிவரை மறைக்கும். நமக்குத் தெரிகிற அளவு சோர்ந்துவிட்டது என்றாலே நேரம் குறைவு. பூனை வாயிலிருந்து தப்பி வந்ததென்றால் காயம் கண்ணுக்குத் தெரியாவிட்டாலும் வைத்தியரிடம் போக வேண்டும். பூனை எச்சிலில் இருக்கும் கிருமி ஒன்றிரண்டு நாளில் கொன்றுவிடும்.

அந்தச் சமயத்தில் மெல்லிசான துண்டை மேலே போட்டு, இறக்கையோடு சேர்த்து லேசாகப் பிடித்து, ஓட்டை போட்ட அட்டைப் பெட்டியில் வைத்து மூடிவிட வேண்டும். இருட்டும் அமைதியும்தான் முதல் மருந்து. தயவுசெய்து வாயைத் திறந்து தண்ணீர் ஊற்றாதீர்கள்! நம் ஊரில் எல்லாரும் செய்யும் முதல் காரியம் இதுதான். பறவையின் மூச்சுக்குழாய் வாசல் நாக்கின் அடியிலேயே திறந்திருக்கிறது. ஊற்றுகிற தண்ணீர் நேராக நுரையீரலுக்குப் போகும். பால் வேண்டாம். நம் வீட்டு வலி மாத்திரையைப் பொடி பண்ணிக் கொடுப்பது வேண்டவே வேண்டாம். மாட்டுக்குக் கொடுத்த டைக்ளோஃபெனாக் என்ற சாதாரண வலி மருந்து, அந்த மாட்டைத் தின்ற கழுகுகளுக்கு எமனாகி, வெண்முதுகுக் கழுகுகளில் நூற்றுக்கு 99க்கும் மேல் அழித்துவிட்டது. 2006ல்தான் கால்நடைக்கு அதைக் கொடுக்கத் தடை வந்தது. மருந்து விஷயத்தில் நாம் ஊகம் செய்ய உரிமை இல்லை. சென்னையில் என்றால் ப்ளூ கிராஸ் இருக்கிறது, வேப்பேரியில் கால்நடை மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி இருக்கிறது. வேறு ஊரென்றால் அரசு கால்நடை மருந்தகத்தையும் வனத்துறையையும் கேளுங்கள்.

குணமான பிறகு வீட்டிலேயே வைத்துக்கொள்ளலாமே என்று ஒரு தோழி கேட்டாள். அவள் வீட்டு மாடியில் வருவது பச்சைக்கிளி. (கிளி என்றால் ஆசை வரும், காக்கா என்றால் யாரும் கேட்கமாட்டார்கள் என்பதையும் கவனிக்கவும்.) கூடாது. 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி நம் நாட்டுக் கிளியைக் கூண்டில் வைப்பது குற்றம். அன்போடு வைத்தாலும் குற்றம்தான்.

அந்தச் சட்டத்தில் காக்காவின் கதை வேடிக்கையானது. ஐந்தாவது அட்டவணை என்று ஒன்று இருந்தது. தொல்லை தரும் பிராணிகளின் பட்டியல். அதில் எலி, சுண்டெலி, பழந்தின்னி வௌவால், கூடவே நம் காக்கா. பாதுகாப்பு எதுவும் கிடையாது, யார் வேண்டுமானாலும் கொல்லலாம். அமாவாசைக்கு வடை பாயசத்தோடு அழைக்கப்படும் பித்ருக்கள், அரசாங்கக் கணக்கில் எலியோடு ஒரே பக்கத்தில் ஐம்பது வருஷம் இருந்தார்கள்! 2022ல் சட்டத்தைத் திருத்தினார்கள். 2023 ஏப்ரல் 1 முதல் அந்த அட்டவணையே எடுக்கப்பட்டுவிட்டது. சங்க காலத்தில் காக்காவைப் பாடிய ஒரே காரணத்துக்காக ஒரு பெண் புலவருக்குக் காக்கைபாடினியார் என்றே பெயர் வைத்த ஊர் இது. அவ்வளவு மரியாதை கொடுத்த பறவைக்குச் சட்டம் வர இத்தனை நாள்.

சட்டம் என்றதும் இன்னொன்று நினைவுக்கு வருகிறது. பி.காம். படிக்கிற பாவத்துக்கு 1872 இந்திய ஒப்பந்தச் சட்டத்தை உருப்போட வேண்டியிருக்கிறது. 25வது பிரிவு: மறுபயன் இல்லாத ஒப்பந்தம் செல்லாது. அதாவது பதிலுக்கு எதுவும் கிடைக்காமல் கொடுத்த வாக்குறுதியை நீதிமன்றம் மதிக்காது. இதில் ஒரு விலக்கு, நெருங்கிய உறவினர்களுக்குள் அன்பினால் செய்துகொண்டது என்றால் செல்லும். பாட்டியின் வாதப்படி காக்கா நெருங்கிய உறவு, ஆகவே நாம் பொறுப்பேற்றாக வேண்டும். (எழுதிப் பதிவு செய்திருக்க வேண்டும் என்று அதே பிரிவு சொல்கிறது. சார்பதிவாளர் அலுவலகத்துக்குக் காக்காவைக் கூட்டிக்கொண்டு போக முடியாது என்பதால் பாட்டி கேஸ் தள்ளுபடி.) ஆனால் விலக்கே தேவையில்லை, மறுபயன் இருக்கிறது என்பேன். செத்த எலி, மீன் கழிவு, சிந்தின சோறு என்று தெருவில் நாம் போடுவதை எல்லாம் சம்பளம் இல்லாமல் எடுத்துப்போகிறது காக்கா. அது தன் பங்கைச் செய்துவிட்டது. தினமும் "கா கா" என்று கூப்பிட்டுப் பழக்கிய நமக்குத்தான் பாக்கி இருக்கிறது.

அந்தப் பாக்கியில் முதல் தவணை, அம்மா சொன்ன விஷயம். "சீக்கு வந்த காக்கா" என்று அம்மா பயந்ததை மூடநம்பிக்கை என்று தள்ள முடியாது. தினமும் ஒரே இடத்தில் உணவு வைத்தால் நோயுள்ளதும் இல்லாததும் ஒரே தட்டில் வாய் வைக்கும். இங்கிலாந்தில் வீட்டுத் தோட்டத்தில் பறவைக்குத் தீனி வைப்பது பெரிய பழக்கம். அங்கே 2005 வாக்கில் க்ரீன்ஃபின்ச் என்ற பச்சைக் குருவிகளுக்குத் தொண்டையில் ஒட்டுண்ணி நோய் பரவ ஆரம்பித்தது. தீனித் தட்டும் தண்ணீர்க் கிண்ணமும் அது பரவுகிற வழிகளில் முக்கியமானவை. வீட்டுக்கு வீடு வந்துகொண்டிருந்த அந்தக் குருவி 2021ல் சிவப்புப் பட்டியலுக்குப் போய்விட்டது. அமெரிக்காவில் 1994ல் ஹவுஸ் ஃபின்ச் குருவிகளுக்குக் கண் நோய் வந்தபோதும் தீனிக் கூண்டுகள் நோய் பரப்பும் சந்தையாயின. மும்பையில் 2025ல் புறாக்களுக்குத் தீனி போடும் இடங்களை மூடியபோது எவ்வளவு தகராறு நடந்தது என்று பார்த்தோம். பக்திக்காரர்கள் ஒருபக்கம், நுரையீரல் டாக்டர்கள் மறுபக்கம். இரண்டு பக்கமும் புறாவின் ஆரோக்கியத்தைப் பற்றிப் பேசினதாக எனக்கு நினைவில்லை.

ஆனாலும் சோற்றையே நிறுத்து என்பதில் எனக்கு உடன்பாடில்லை. ராயப்பேட்டையில் கேமரா பழுதுபார்க்கும் ஒருவர் மொட்டை மாடியில் ஊறவைத்த அரிசியைப் பலகையில் பரப்பி ஆயிரக்கணக்கான கிளிகளுக்கு வருஷக் கணக்கில் வைத்துவந்தது நமக்குத் தெரியும். அந்த மாடியை அவர் கழுவிச் சுத்தம் செய்வதையும் சேர்த்துத்தான் அது சேவை. நாம் வைப்பது ஒரு கைப்பிடி. அதை ஒழுங்காக வைக்கலாமே. ஒரு மணி நேரத்தில் தின்று தீர்க்கும் அளவு மட்டும். மிச்சத்தை அன்றே எடுத்துவிடுவது. சுவரைத் தேய்த்துக் கழுவுவது. தண்ணீர்க் கிண்ணத்தைத் தினமும் மாற்றுவது. மிக்சர், சிப்ஸ், ஊறுகாய் பிசைந்த சோறு எல்லாம் வேண்டாம், உப்பு அதற்கு ஆகாது. பிளாஸ்டிக் கவரோடு தயிர்சாதம் வைக்கும் புண்ணியவான்களும் இருக்கிறார்கள், கைகூப்பிக் கேட்டுக்கொள்கிறேன், கவரை எடுத்துவிடுங்கள். அலகைச் சுற்றியோ காலிலோ கட்டி கட்டியாக மரு மாதிரி இருக்கிற பறவை வந்தால் அது அம்மையாக இருக்கலாம். அப்போது இரண்டு மூன்று வாரம் நிறுத்திவிட்டுச் சுத்தம் செய்து மறுபடி ஆரம்பிப்பது நல்லது. அந்த அளவுக்கு அம்மா கட்சிக்கு ஓட்டுப் போடுகிறேன். காக்காக்கள் ஒரே சமயத்தில் கொத்தாகச் செத்துக் கிடந்தால் தொடவே கூடாது, கால்நடைப் பராமரிப்புத் துறைக்குச் சொல்ல வேண்டும். 2021 ஜனவரியில் ராஜஸ்தானிலும் மத்தியப் பிரதேசத்திலும் பறவைக் காய்ச்சல் வந்தது அப்படிச் செத்துக் கிடந்த காக்காக்களை வைத்துத்தான் தெரிந்தது.

இரண்டாவது தவணை நூல். அடிபட்ட பறவையை போட்டோ எடுத்து "ஐயோ பாவம்" என்று நான்கு பேருக்கு அனுப்புவதைவிட, வீட்டை விட்டு வெளியே போகிற நூலைத் துண்டு துண்டாக நறுக்கிப் போடுவது ஆயிரம் மடங்கு உருப்படியான காரியம் என்று நினைக்கிறேன். விரல் நீளத்துக்கும் குறைவான நூல் காலைச் சுற்றாது. சீப்பு முடியைக் காகிதத்தில் மடித்துக் குப்பைத் தொட்டியில் போடலாம். பூச்சரத்தைப் போடும்முன் நூலை உருவிக்கொள்ளலாம். பாட்டிக்கு இது முதலில் அபசாரமாகப் பட்டது. அப்புறம், உருவின நூலைச் சுருட்டி மறுபடி பூ கட்ட வைத்துக்கொள்ளலாம் என்ற சிக்கனம் பிடித்துவிட்டது. மாடியில் கைக்கெட்டும் தூரத்தில் தொங்கும் மாஞ்சாவைச் சுருட்டி எடுக்கலாம், கையில் துணி சுற்றிக்கொண்டு. மின்கம்பியில் இருப்பதை மட்டும் தொடவேண்டாம், அது மின்வாரிய ஆட்கள் வேலை. எங்கள் மாடியிலும் பக்கத்து மாடியிலும் ஒரு ஞாயிற்றுக்கிழமை எடுத்தது ஒரு தேங்காய் அளவுக்கு உருண்டையாக வந்தது. இரண்டே மாடி!

கடைசியாக ஒன்று, கோடை வருகிறது என்பதால். ஏப்ரல், மே, ஜூனில் காக்காக் குஞ்சுகள் கூட்டை விட்டு இறங்கும். சரியாகப் பறக்கத் தெரியாமல் தரையிலும் மதிலிலும் தத்தும். வாயின் உட்புறம் சிவப்பாக, கண் வேறு நிறத்தில், வால் குட்டையாக இருக்கும். பார்த்தால் அடிபட்ட மாதிரியே தெரியும். அடிபடவில்லை, பறக்கப் படித்துக்கொண்டிருக்கிறது. பூனையோ நாயோ பக்கத்தில் இருந்தால் பக்கத்துச் சுவர் மேலோ புதர் மேலோ தூக்கி வைத்துவிட்டு ஒதுங்கிவிடுங்கள். மனிதக் கை பட்டால் தாய் சேர்க்காது என்பது பொய். உடம்பெல்லாம் புள்ளி போட்ட குஞ்சாக இருந்தால் அது குயில். அதையும் காக்காதான் வளர்க்கிறது, அதற்கும் இதே விதி. தூக்கி வைக்கப் போகும்போது தலையில் ஹெல்மெட் இருக்கட்டும். அப்பா காக்காவும் அம்மா காக்காவும் உங்கள் சமூக சேவையைப் பற்றிக் கேள்விப்பட்டிருக்காது.